'கெஸ்திரிக்'தான்னு நினைக்கிறோம்; காரணம் இனிப்பு நீரா? நீரிழிவு உணவுக்குழாயை என்ன செய்கிறது?

இரவு 10 மணி. ஜொகூர் பாருவில் ஒரு வீடு. சிங்கப்பூரில் வேலை முடித்து, பாலத்து நெரிசலில் நின்று, அப்போதுதான் எல்லோரும் வீடு சேர்ந்திருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்த பாட்டி இரண்டு வாய் சோறு சாப்பிட்டதும் நிறுத்துகிறார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, "நிக்குதுப்பா, இறங்க மாட்டேங்குது" என்கிறார். யாரோ சுடுதண்ணி கொடுக்கிறார்கள். இன்னொருவர், "கெஸ்திரிக்தான், மாத்திரை போட்டா சரியாயிடும்" என்கிறார். விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

இதே மாதிரி காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். பாட்டிக்குப் பதில் அப்பாவோ, அத்தையோ இருந்திருக்கலாம். அவருக்குப் பத்துப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்த இனிப்பு நீரையும் நெஞ்சில் நிற்கும் சோற்றையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

நீரிழிவு கண்ணைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதே நோய், விழுங்கிய உணவை வயிற்றுக்குக் கொண்டுபோகும் குழாயின் அசைவையும் கெடுக்கலாம் என்பதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அது எப்படி நடக்கிறது? எதைச் சாதாரணமாக விடலாம், எதை விடவே கூடாது? கிளினிக்கில் பாட்டிக்காக டாக்டரிடம் பேசப் போவது நீங்கள்தான் என்றால், இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலேசிய இந்தியர்கள் ஏன் இதைக் கவனிக்க வேண்டும்?

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது 15.6 விழுக்காடு. அவர்களில் ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது.

இனவாரியாகப் பார்த்தால் நம் நிலைமை இன்னும் மோசம். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே மட்டும் இது சுமார் 31 விழுக்காடாக இருந்தது. ஜொகூரில் ஒரு கோயில் திருவிழா அன்னதானப் பந்தியில் 10 பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அவர்களில் மூன்று பேருக்கு இனிப்பு நீர் இருக்க வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதும் முக்கியம். 40 வயதிலேயே நோய் வந்தவர் 60 வயதைத் தொடும்போது, அவருடைய நரம்புகள் 20 வருடம் அதிகச் சர்க்கரையில் ஊறியிருக்கும். உணவுக்குழாய்ப் பிரச்சினை பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களிடம்தான் தென்படுகிறது.

ஒரு வாய் சோறு எப்படி இறங்குகிறது?

நாம் விழுங்கியதும் உணவு தானாகவே வயிற்றில் போய் விழுகிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். தண்ணீர்க் குழாய் மாதிரி சும்மா நிற்கும் குழாய் அல்ல. உணவைப் பிடித்துத் தள்ளும் குழாய்.

டூத்பேஸ்ட்டை மேலிருந்து கீழாக விரலால் பிதுக்குவதை நினைத்துப் பாருங்கள். உணவுக்குழாயும் அப்படித்தான் வேலை செய்கிறது. உணவுக்கு மேலே இருக்கும் தசை சுருங்கும். உணவுக்குக் கீழே இருக்கும் தசை தளர்ந்து வழிவிடும். இந்தச் சுருக்கமும் தளர்வும் ஓர் அலை மாதிரி கீழே நகரும். மருத்துவத்தில் இதற்குப் பெயர் பெரிஸ்டால்சிஸ். தமிழில் அலை இயக்கம் எனலாம். ஓர் அலை மேலிருந்து அடிவரை போய்ச் சேர சுமார் 8 முதல் 10 விநாடி ஆகும். நீங்கள் தலைகீழாக நின்றுகொண்டு விழுங்கினாலும் உணவு வயிற்றுக்குப் போய்விடும். காரணம் இந்த அலைதான்.

குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதை வால்வு என்று வைத்துக்கொள்வோம். அலை வரும்போது அது திறக்கும். உணவு உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். வயிற்றில் இருக்கும் அமிலம் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

சரி, இந்த வேலையை எல்லாம் யார் நடத்துகிறார்கள்? விழுங்கத் தொடங்குவது மட்டும்தான் நம் விருப்பம். அதன்பிறகு எல்லாமே நரம்புகளின் பொறுப்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, கழுத்து, மார்பு வழியாக வயிறுவரை போகும் வேகஸ் என்ற நீண்ட நரம்பு மேலிருந்து உத்தரவு கொடுக்கிறது. குழாயின் சுவருக்குள்ளேயே தசை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. எப்போது சுருங்க வேண்டும், எப்போது தளர வேண்டும் என்ற நேரக் கணக்கைப் பார்ப்பது அதுதான். இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் போதும், அலை தடுமாறிவிடும்.

சர்க்கரை இதில் எங்கே வருகிறது?

நீண்ட கால நீரிழிவில் பாதம் மரத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் வருடக்கணக்கில் சர்க்கரை அதிகமாக இருந்தால், நரம்பு இழைகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளங்களும் சேதமடையும். நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். அதனால்தான் பாதத்தில் முதலில் தெரிகிறது.

இதே சேதம் உள்ளுறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்புகளிலும் நடக்கிறது. வேகஸும் நீளமான நரம்புதான். அதன் இழைகள் பழுதானால் உணவுக்குழாய்க்குப் போகும் உத்தரவு பலவீனமாகும், அல்லது தாமதமாகும். குழாய்ச் சுவருக்குள் இருக்கும் பின்னலில், தசையைத் தளரச் சொல்லும் நரம்பணுக்கள் குறைந்துவிடலாம். அப்போது தளர வேண்டிய நேரத்தில் தசை தளராது.

இரண்டாவது காரணம், குழாயின் சுவர். அதிகச் சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்கும். காலப்போக்கில் சுவரின் மிருதுத் தன்மையும் நீட்சியும் மாறும். பழைய ரப்பர் குழாய் இறுகிப்போவது மாதிரி.

மூன்றாவது காரணம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நரம்பு கெடும்வரை காத்திருக்கவே வேண்டாம். சர்க்கரை ஏறியிருக்கும் அந்த நேரத்திலேயே உணவுக்குழாய் மந்தமாகிவிடும். 1992இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாதவர்களின் ரத்தச் சர்க்கரையைத் தற்காலிகமாக 15 மில்லிமோல் அளவுக்கு உயர்த்திப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அலை வேகம் குறைந்தது. அடி வால்வின் அழுத்தமும் குறைந்தது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், 15 என்ற எண்ணை நீங்களே பார்த்திருப்பீர்கள். பாட்டிக்கு நெஞ்சில் நிற்கும் நாளும் மீட்டரில் எண் எகிறும் நாளும் ஒன்றாக வருகிறதா? ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். டாக்டருக்கு அது உபயோகமான தகவல்.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. நீரிழிவால் நரம்பும் குடலும் பாதிக்கப்பட்டவர்களின் உணவுக்குழாய் சரியாக இயங்கவில்லை என்பதை மெண்டல்ஸ்டாம், லீபர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967இலேயே எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனால், நம் வீடுகளில் இன்னும் அதற்கு 'கெஸ்திரிக்' என்றுதான் பெயர்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒருவருக்கு ஒருவர் வேறுபடும். பொதுவாகக் காணப்படுபவை நான்கு.

ஒன்று, அலை பலவீனமாகிறது. உணவு பாதி வழியில் தங்கிவிடுகிறது. "நெஞ்சுல நிக்குது" என்பது இதுதான்.

இரண்டு, சில தடவை விழுங்கும்போது அலையே வருவதில்லை. பின்னாடியே தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது.

மூன்று, மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்க வேண்டிய தசை ஒரே நேரத்தில் சுருங்குகிறது. உணவு முன்னே நகராது. சிலருக்கு அப்போது நெஞ்சில் பிடிப்பது போன்ற வலி வரும்.

நான்கு, அடி வால்வு தொளதொளவென்று ஆகிறது. வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எதுக்களிப்பு எல்லாம் வருகின்றன.

நம் எல்லோருக்குமே எப்போதாவது கொஞ்சம் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். ஆரோக்கியமான குழாயில் அடுத்த அலை வந்து அதைத் துடைத்துக் கீழே அனுப்பிவிடும். நாம் விழுங்கும் எச்சில் மீதியைக் கழுவிவிடும். அலை பலவீனமானவருக்கோ ஏறிய அமிலம் அங்கேயே தேங்கும். குழாயின் உட்சுவர் புண்ணாகும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நரம்பு பழுதானால் உணர்வும் குறையும். காலில் முள் குத்தியது தெரியாத மாதிரி, உணவுக்குழாயில் புண் இருந்தும் எரிச்சல் தெரியாமல் போகலாம். பரிசோதனையில் அலை சரியில்லை என்று தெரிந்த பலருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று பாட்டி சொல்வது எப்போதும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரைப்பையும் சேர்ந்துகொண்டால்?

அதே வேகஸ் நரம்புதான் இரைப்பையையும் அசைக்கிறது. அதுவும் மந்தமானால் சாப்பிட்டது வயிற்றிலேயே மணிக்கணக்கில் கிடக்கும். இதற்கு கெஸ்ட்ரோபெரிசிஸ் என்று பெயர். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி இருப்பது, உப்பசம், குமட்டல், முந்தின வேளைச் சாப்பாடே வாந்தியில் வருவது எல்லாம் இதன் அறிகுறிகள். வயிறு காலியாகாமல் இருந்தால் மேலே ஏறுவதும் அதிகமாகும்.

இன்சுலின் போடுபவர்களுக்கு இது ஆபத்து. ஊசி நேரத்துக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். சாப்பாடோ வயிற்றைவிட்டு நகர்ந்திருக்காது. சர்க்கரை திடீரென்று கீழே இறங்கிவிடும். பிறகு சாப்பாடு செரிக்கும்போது ஒரேயடியாக ஏறும். "சாப்பிட்டும் லோ ஆகுது" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது பிரபலமாகியிருக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசி மருந்துகளும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அது அந்த மருந்தின் இயல்பு. பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால், அறுவை சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போகும்போது, அந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

மாத்திரை எங்கே போகிறது?

நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரை அதிகம் சாப்பிடுவார்கள். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, கொலஸ்ட்ராலுக்கு என்று ஒரு கைப்பிடி. அலை பலவீனமாக இருந்தால் மாத்திரை குழாயிலேயே ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். ஆஸ்பிரின், சில வலி நிவாரணிகள், எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட், பொட்டாசியம் மாத்திரை, டாக்சிசைக்லின் ஆகியவை இதற்குப் பேர்போனவை. டாக்சிசைக்லினை எலிக்காய்ச்சலுக்கும் கொடுப்பார்கள், இளைஞர்களுக்கு முகப்பருவுக்கும் கொடுப்பார்கள். ஆகவே இது பாட்டி விஷயம் மட்டும் இல்லை.

வழி சுலபம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழு கிளாஸ் தண்ணீரோடு மாத்திரை போட வேண்டும். போட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணியில் மாத்திரை போடுவதுதான் பிரச்சினையின் தொடக்கம். மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று நசுக்கிக் கொடுப்பதற்கு முன் மருந்தகத்தில் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபோர்மினை நசுக்கவே கூடாது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு உணவுக்குழாயில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். விழுங்கும்போது வலிப்பது, நாக்கில் வெள்ளையாகப் படிவது இதன் அடையாளங்கள். இதற்குத் தனி மருந்து உண்டு. கெஸ்திரிக் மாத்திரையால் இது போகாது.

நெஞ்செரிச்சலா, மாரடைப்பா?

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால்தான் போகிறது. இரண்டிலிருந்தும் வலிச் செய்தி ஏறக்குறைய ஒரே வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அதனால் எது இதய வலி, எது உணவுக்குழாய் வலி என்று மருத்துவர்களால்கூட வெளியிலிருந்து சொல்ல முடியாத நேரங்கள் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அவர்களுக்கு மாரடைப்பு வரும் ஆபத்து அதிகம். ஆனால், நரம்பு மழுங்கியதால் சினிமாவில் காட்டுவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வலி வராமலே போகலாம். வெறும் அஜீரணம், மூச்சு வாங்குவது, வியர்வை, சோர்வு, குமட்டல் என்றுதான் தெரியும்.

அப்போது வீட்டில் என்ன சொல்வோம்? "கேஸ் ஏறிடுச்சு." ஓமத் தண்ணி கொடுப்போம். முதுகைத் தட்டுவோம். விலைமதிப்பற்ற ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆகவே, நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சில் புதிதாக அழுத்தமோ, வலியோ, எரிச்சலோ வந்து, அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றல் இருந்தாலோ, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, மாடிப்படி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் அடங்கினாலோ, அது இதயமாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வலி நிற்காமல் இருந்தால் 999க்கு அழையுங்கள். இதயம் இல்லை என்று உறுதியான பிறகு உணவுக்குழாயைப் பற்றி யோசிக்கலாம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நீங்கள் மொழிபெயர்க்கும் ஒரு வார்த்தை

அரசாங்க கிளினிக்கில் பாட்டி தமிழில் சொல்வார். நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ டாக்டரிடம் சொல்வீர்கள். இங்கேதான் தவறு நடக்கிறது. நம் பேச்சில் 'அடைக்குது' என்ற ஒரே சொல்லுக்குப் பல அர்த்தம். சோறு அடைக்கலாம், மூச்சு அடைக்கலாம், நெஞ்சு அடைக்கலாம். 'நெஞ்சடைப்பு' என்று சிலர் மாரடைப்பையே சொல்வார்கள். நீங்கள் அவசரத்தில் 'கெஸ்திரிக்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், டாக்டரின் யோசனையும் அந்தப் பக்கமே போய்விடலாம்.

அதனால் மொழிபெயர்ப்பதற்கு முன் பாட்டியிடம் சில கேள்விகள் கேளுங்கள்.

"சாப்பிடும்போது வருதா, சும்மா இருக்கும்போதும் வருதா?" விழுங்கும்போது மட்டும் என்றால், அது 'சூசா மெனெலான்', அதாவது விழுங்குவதில் சிரமம். சும்மா இருக்கும்போதும் நடக்கும்போதும் என்றால், அது 'சாக்கிட் டாடா', நெஞ்சு வலி. எரிச்சல் கீழிருந்து மேலே ஏறுகிறது என்றால் 'பெடிஹ் உலு ஹாத்தி'.

"எங்க நிக்குது?" கையால் காட்டச் சொல்லுங்கள். தொண்டையிலேயே நின்று, இருமலும் புரையேறலும் வந்தால் அது வேறு பிரச்சினை. பக்கவாதத்துக்குப் பிறகு அப்படி வரலாம். நெஞ்சுக்கு நடுவில் என்றால் உணவுக்குழாயாக இருக்கலாம்.

"சோறு மட்டும் நிக்குதா, தண்ணியும் நிக்குதா?" அலை இயக்கக் கோளாறில் இரண்டுமே ஆரம்பத்திலிருந்தே தடுமாறலாம். முதலில் சப்பாத்தி, பிறகு சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர் என்று மாதம் மாதமாக மோசமானால், குழாய்க்குள் ஏதோ வளர்ந்து வழியை அடைக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். உடல் மெலிவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம், ரத்தசோகை ஆகியவையும் அவசர அறிகுறிகள். பல வருடமாக வெற்றிலை, புகையிலை, சிகரெட், மது பழக்கம் உள்ளவர்களுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு.

மருந்துப் பட்டியலையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் வகை மருந்துகள் அடி வால்வைத் தளர்த்தலாம். உடல் பருமனாலும் நெஞ்செரிச்சல் வரும். நீரிழிவு இருப்பவருக்கு வரும் எல்லா நெஞ்செரிச்சலுக்கும் நரம்புதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. முழு விவரத்தையும் கொடுப்பது நம் வேலை.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் இதயத்தைப் பார்க்க இசிஜி எடுக்கலாம். பிறகு எண்டோஸ்கோப்பி. வாய் வழியாக கேமரா விட்டு, புண், பூஞ்சை, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்டோஸ்கோப்பியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தால், "சும்மா மனப்பிரமை" என்று பாட்டியைச் சொல்லிவிடாதீர்கள். கேமரா சுவரைக் காட்டும். அலையை அளக்காது.

அலையை அளக்க மேனோமெட்ரி என்ற பரிசோதனை இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, சிறு சிறு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். குழாயில் வரிசையாக இருக்கும் உணரிகள் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பதிவு செய்யும். பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் பார்ப்பதும் உண்டு. மேனோமெட்ரி எல்லா இடத்திலும் கிடைக்காது. குளுவாங், சிகாமட் பக்கம் இருப்பவர்கள் முதலில் பக்கத்திலுள்ள சுகாதார கிளினிக்குக்குப் போனால், தேவைப்பட்டால் நிபுணர் உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். குடிமக்களுக்குக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

சரிப்படுத்த முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், செத்துப்போன நரம்பை மீண்டும் உயிர்ப்பிக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை. ஆனால், செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அதிகச் சர்க்கரையால் அந்தந்த நேரத்தில் வரும் மந்தம், சர்க்கரை இறங்கினால் குறையும். நரம்புச் சேதத்தைத் தடுக்கவும் தள்ளிப்போடவும் முடியும். 1993இல் வெளியான டிசிசிடி என்ற பெரிய ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு ஏற்படுவது 60 விழுக்காடு குறைந்தது. நம்மிடையே அதிகமாக இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும், சீக்கிரம் தொடங்குபவருக்கே லாபம்.

அமிலத்தைக் குறைக்க ஓமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அவை புண்ணை ஆற்றும். அலையைத் திருத்தாது. குடலை அசைக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றுக்குப் பக்க விளைவுகள் இருப்பதால், டாக்டர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மட்டும்தான் சாப்பிட வேண்டும். மருந்தகத்தில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது சரியில்லை. நுரைக்கும் ஆன்டாசிட் பொடிகளில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் மாற்றக்கூடியவை இவை:

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் விடுங்கள். சிங்கப்பூர் போய்வரும் குடும்பத்தில் இது கஷ்டம்தான். அதற்காகப் பாட்டியும் 10 மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் 7 மணிக்கே சாப்பிடட்டும். நீங்கள் வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும்.

தட்டு நிறையச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உலர்ந்த உணவைக் குழம்பிலோ ரசத்திலோ நனைத்துக்கொண்டால் சுலபமாக இறங்கும். இடையிடையே சிறிது தண்ணீர் குடிக்கலாம்.

எண்ணெயில் பொரித்தது வயிற்றில் அதிக நேரம் தங்கும். புதினா மிட்டாய் அடி வால்வைத் தளர்த்தலாம். 'கேஸ் போகட்டும்' என்று நுரை பொங்கும் இனிப்புப் பானம் குடித்தால், ஏப்பம் வரும், சர்க்கரையும் ஏறும். மாமாக் கடையில் தே தாரிக்குக்குப் பதில் 'தே ஓ கோசோங்' கேளுங்கள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். சிகரெட்டை நிறுத்துவது உணவுக்குழாய்க்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது.

பாட்டியை விடுங்கள், நீங்கள்?

2023 ஆய்வில் இன்னொரு விவரமும் இருக்கிறது. 18 முதல் 29 வயதுவரை உள்ளவர்களில், நீரிழிவு இருப்பவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. 25 வயதில் தொடங்கி, 35 வயதில் கண்டுபிடித்தால், அந்தப் பத்து வருடமும் நரம்புகள் சத்தமில்லாமல் சேதமடைந்துகொண்டிருக்கும்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இனிப்பு நீர் இருந்து, உங்களுக்கு எடையும் கூடியிருந்தால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலேசிய வழிகாட்டியின்படி, வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கணக்கு. அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அம்மா அப்பாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் தேடுவது அவர்களைவிட உங்களுக்குச் சுலபம்தானே.

அடுத்த முறை சாப்பாட்டு மேசையில் யாராவது "இறங்க மாட்டேங்குது" என்றால், சுடுதண்ணி கொடுங்கள், தப்பில்லை. ஆனால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். எங்கே நிற்கிறது, எப்போது நிற்கிறது, இன்றைக்கு சர்க்கரை எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் உட்காரும்போது, 'கெஸ்திரிக்' என்று சொல்வதற்குப் பதில் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டுங்கள்.